தின்னர் போட்டுத் துடைத்த இருபது தகடுகள்

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில், பொருள்களை உடைத்துப் பார்க்கும் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். யாராவது கேட்டால் "லேப்ல வேலை" என்று மட்டும் சொல்வேன். அதை ரத்தம் பார்க்கிற லேப் என்று நினைத்துக்கொண்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் சர்க்கரை அளவு எழுதிய சீட்டை என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்க எனக்கு வாய் வராது. சீட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று தெரியும். அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டாது.

பிளஸ் டூ வரை படித்தேன். கல்யாணமாகி வந்த பிறகு வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் இந்த வேலை. முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் போர்மேன் விடுப்பில் போயிருந்தார். சோதனைக்குத் தகடு வெட்ட ஆள் இல்லை. நான் கோடு போட்டு வெட்டிக் கொடுத்தேன். துணி வெட்டிப் பழகிய கை. பேராசிரியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். "இனிமே நீங்களே வெட்டுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து தகடுகள் என் பொறுப்பு.

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் அக்ரிலிக் தகடு அது. கடைகளில் பெயர்ப்பலகைக்குப் போடுவார்களே, அதேதான். அதை உள்ளங்கை அகலத்துக்கு நீளமாக வெட்டி, கீழ் விளிம்பின் நடுவில் ரம்பத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அந்த வெட்டின் நுனியைப் பிளேடால் லேசாகத் தட்டிக் கூர்மையாக்கித் தருவேன். ஆய்வகத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு டவர் இருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே மேலேயிருந்து ஓர் இரும்பு எடை சறுக்கி வந்து, நிற்கவைத்த தகட்டின் தலையில் விழும். நான் போட்ட வெட்டின் நுனியிலிருந்து விரிசல் மேல்நோக்கி ஓடும். கண்ணுக்குத் தெரியாது. சத்தம் கேட்கும், தகடு உடைந்து கிடக்கும், அவ்வளவுதான். நடுவில் நடந்ததைப் பார்க்க, வேறொரு துறையிலிருந்து வேகமான கேமரா ஒன்றைச் சில நாட்களுக்கு வாங்கிவருவார்கள்.

இதை ஆராய்ச்சி செய்ய வந்தவள் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. அவள் விடுதியில் தங்கியிருந்தாள். நிறையப் பேசுவாள். நான் பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் அவளை "மேடம்" என்பேன். "மேடம் கீடம்னா நான் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்க்கா" என்று மிரட்டுவாள். மதியம் என் டப்பாவிலிருந்து புளியோதரையை எடுத்துக்கொண்டு, அவள் ஊரிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தை என் மூடியில் வைப்பாள். மேடம் என்று சொல்வதை விட்டேன். பெயர் சொல்லவும் வரவில்லை. அதனால் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே காலம் தள்ளினேன்.

அவளுடைய உண்மையான வேலை டவரில் இல்லை, கம்ப்யூட்டரில். மூன்று வருஷமாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்குக் காட்டினாள். திரையில் தகடு முழுக்கப் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துல இருக்கிற எல்லாப் புள்ளியோட கையையும் புடிச்சுகிட்டு நிக்குதுக்கா. மேல இருந்து ஒரு அடி விழுது. எந்தக் கை முதல்ல விடுது, அடுத்து எது விடுது, அதுக்கு அடுத்து எது. அதத்தான் கணக்குப் போடுறேன்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள நடக்கிறத கணக்குப் போட ரெண்டு நாள்."

மெல்ல அழுத்தினால் விரிசல் ஒரே கோடாகப் போகும். சட்டென்று ஓங்கி அடித்தால் ஓடிக்கொண்டே இருக்கும்போது இரண்டாகப் பிரியும். எந்த இடத்தில் பிரியும் என்பதை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அதுதான் அந்த ஆராய்ச்சி. பிரிகிற இடத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் கல்லணை என்று பெயர். காவிரி கிளை பிரிகிற இடமாயிற்றே என்று அவள் வைத்த பெயர்தான். பேராசிரியரே "என்னம்மா, உன் கல்லணை எங்க?" என்றுதான் கேட்பார். அவளுடைய புரோகிராமில் கல்லணை தகட்டின் நடுவைத் தாண்டி வந்தது. நிஜத் தகட்டில் எங்கே வருகிறது என்று பார்க்க, அந்தப் புரட்டாசியில் கேமரா கிடைப்பதாக இருந்தது. இருபது தகடு கேட்டாள். வெட்டி, வெட்டு நுனியைக் கூர்மையாக்கி, மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகி வைத்தேன்.

அதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். டவரைத் துடைத்து மாலை போட்டோம். ரம்பம், திருகு, அளவுகோல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். "டவருக்குப் பெரிய பொட்டா வைங்க. சம்பளம் அது போடுறது" என்றார் போர்மேன். தகடுகள் சட்டத்தில் நின்றன. ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றுக்கு வைக்காமல் விட மனசு வரவில்லை. இருபதுக்கும் வைத்தேன். எங்கே வைப்பது? நான் செய்த வேலை அந்த வெட்டில்தானே இருக்கிறது. வெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். அவள் வருவதற்கு முன் பொட்டுகளைத் துடைத்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். டவரில் இருந்த பொட்டை அப்படியே விட்டேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் விட்டேன். அவள் கையால் எடுத்துப் புழங்கப்போகிற தகடுகளில் மட்டும் இருக்கக்கூடாது என்று பட்டது. அவள் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேனா, மனசு கஷ்டப்படுவாள் என்று நினைத்தேனா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒருநாளும் அப்படி எதுவும் சொன்னதில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஈரத்துணியில் சந்தனம் போய்விட்டது. குங்குமம் கரைந்து வெட்டுக்குள் இறங்கியிருந்தது. எத்தனை துடைத்தும் அந்தச் சின்னப் பிளவுக்குள் சிவப்புக் கோடு தெரிந்தது. போர்மேனின் அலமாரியில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பா இருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தின்னரில் தோய்த்து வெட்டுக்குள் விட்டுத் துடைத்தேன். ஒரே இழுப்பில் சிவப்பு போய்விட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபதையும் துடைத்து, விளிம்புகளையும் ஒரு முறை தேய்த்து, பளிச்சென்று செருகி வைத்தேன். அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். "என்னக்கா தின்னர் வாசனை, பெயிண்ட் அடிச்சாங்களா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே கேமரா வந்தது. பதினாறு தகடுகளை உடைத்தார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, வெள்ளைத்தாளில் சேர்த்து ஒட்டித் தருவது என் வேலை. பதினாறிலும் கல்லணை நடுவைத் தாண்டவில்லை. வெட்டிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே விரிசல் பிரிந்திருந்தது. சிலவற்றில் மூன்றாகக்கூடப் பிரிந்திருந்தது.

அவள் தாள்களை மேஜை நீளத்துக்கு அடுக்கிப் பார்த்தாள்.

"நம்ம ஆள் தப்பா சொல்லிட்டானேக்கா" என்றாள். நம்ம ஆள் என்றால் புரோகிராம்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம் அப்போது இருந்தது. புள்ளிகளை இன்னும் நெருக்கமாக வைத்து ஓட்டினாள். கையை விடுகிற கணக்கை மாற்றினாள். இரண்டு நாள் ஓடியது நான்கு நாள் ஓட ஆரம்பித்தது. கல்லணை கொஞ்சம்கூட நகரவில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் இப்படிப் போயின. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பாவம், மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறாளே என்று மட்டும் நினைத்தேன்.

மார்கழியில் புது அக்ரிலிக் வந்தது. முன்பெல்லாம் போர்மேன் மேல்தாளை உரித்துப் போட்டுவிட்டுத்தான் பலகையை என்னிடம் தருவார். அன்று நானே உரித்தேன். தாளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவவும். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் கூடாது. கடைசி வரியில் ஒரு வார்த்தை புரியவில்லை. செல்போனில் போட்டுப் பார்த்தேன். மயிர்போல விரிசல் விடும் என்று வந்தது.

சட்டத்தில் மீதி இருந்த நான்கு தகடுகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். வெட்டைச் சுற்றியும் விளிம்பிலும் மெல்லிய கோடுகள் மின்னின. தகட்டை இருந்த இடத்திலேயே செருகினேன். தாளை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன் என்று சொல்வது பெரிய காரியம் இல்லை. தெரியாமல் செய்தது, திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கேள்வி வருமே. எதுக்குத் துடைச்சீங்க? பொட்டு வைத்தேன். வைத்தால் என்ன, டவரில் இன்னும் இருக்கிறதே, தகட்டில் மட்டும் ஏன்? அதற்கு நான் என்ன சொல்வேன்? என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிற பெண்ணிடம், உன்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

தை மாதம் கேமரா இரண்டு நாளைக்குத் திரும்பக் கிடைத்தது. மீதி நான்கையும் உடைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. பயந்தவர்களுக்கு வருகிற யோசனைதான். புதுப் பலகையிலிருந்து ஒரு தகடு வெட்டி, வெட்டு நுனியைப் பிளேடால் கூராக்கி, பழையதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகினேன். நான் சொல்ல வேண்டியதைத் தகடு சொல்லிவிடட்டும் என்று இருந்தேன்.

மூன்றாவதாக அந்தத் தகடு உடைந்தது. துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோடு நேராக நடுவைத் தாண்டிப் போய்ப் பிரிந்திருந்தது.

"அக்கா! என் கல்லணை! என் கல்லணைக்கா இது!" என்று தாளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்கு ஓடினாள். நானும் வாசல் வரை போனேன்.

அவர் நான்கு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். "மொத்தம் எத்தனை உடைச்சோம்?"

"இருபது சார்."

"இருபதுல ஒண்ணு. தகட்டுல ஏதோ குறை இருந்திருக்கும்மா. நமக்குப் புடிச்ச மாதிரி வந்துச்சுன்னு ஒண்ண மட்டும் கையில வச்சுக்கக்கூடாது. அதத் தள்ளிடு."

இருபதில் குறை இல்லாத ஒரே தகடு அதுதான். அவள் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தாள். தாளை என் கையில் கொடுத்து, "போட்டுடுங்கக்கா" என்றாள். அதைக் கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் பேச்சு குறைந்தது. புரோகிராமை நம்ம ஆள் என்று சொல்வதில்லை. குப்பை என்றாள். எங்கேயோ ஓர் எண்ணைத் திணித்தால் கல்லணை நிஜத் தகட்டில் வந்த இடத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் அந்த எண் ஏன் வர வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. பேராசிரியர் கேட்டால் சொல்ல முடியாமல் நிற்பாள். மாசியில் நோன்பு ஆரம்பித்தது. மதியம் நான் மட்டும் டப்பாவைத் திறந்தேன். ஒருநாள் பேராசிரியர் ஆய்வகத்துக்கே வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்.

"பெருநாள் முடிஞ்சு வரும்போது ஒரு முடிவு எடுத்துடலாம்மா. இது சரிப்படலைன்னா விட்டுடு. மத்தவங்க எழுதின சாஃப்ட்வேர் இருக்கு, வாங்கிப் போட்டு ஒப்பேத்தி தீசிஸ முடிச்சுக்கலாம். உனக்கும் நேரம் இல்ல."

அவள் "சரி சார்" என்றாள். அவர் போன பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு வருஷம்க்கா" என்றாள். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் குடி என்றுகூடச் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதுவரை அவரிடமும் சொல்லவில்லை. அறுப்பு முடிந்து வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப பண்ணின?"

"ஆயுத பூஜைக்கு."

"ஏன்டி, நடவு நட்டு, களை எடுத்து, அறுத்தே ஆச்சு. இன்னுமா வாய்க்குள்ள வச்சிருக்க? அந்தப் பொண்ணு என்ன, உன்னக் கடிச்சா தின்னுடும்?"

"தின்னாதுன்னுதான் பயமா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி வைக்கோல் கட்டை முறுக்கினார்.

மறுநாள் காலை இரண்டு புதுத் தகடுகள் வெட்டினேன். ஒன்றைப் பஞ்சுக் குச்சியால் தின்னர் தொட்டுத் துடைத்தேன். மற்றதை அப்படியே விட்டேன். மதியம் வரை காத்திருந்து, இரண்டையும் அவள் மேஜையில் வைத்தேன். தின்னர் டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன். மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து அதன்மேல் வைத்தேன்.

"என்னக்கா இது, கடை விரிக்கிறீங்க?"

"ரெண்டையும் உடைச்சுப் பாருங்க."

"கேமரா இல்லையே."

"துண்டு போதும்."

போர்மேன் எடையைத் தூக்கி மாட்டினார். துடைக்காத தகட்டில் விரிசல் நடுவைத் தாண்டிப் பிரிந்தது. துடைத்தது தொடக்கத்திலேயே மூன்றாகப் பிரிந்து தெறித்தது. அவள் துண்டுகளைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், தாளைப் படித்தாள். புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அந்த இருபதுக்கும் தின்னர் போட்டீங்களா?"

"ஆமா."

"தின்னர்ல கரைஞ்சு நுனி மழுங்கிடுச்சு" என்று தனக்குத்தானே வேகமாகப் பேச ஆரம்பித்தாள். "கூர்மையா இருந்தா சீக்கிரம் கிளம்பிடும். மழுங்குனதால கிளம்ப முடியாம நின்னு நின்னு, மொத்தப் பலத்தையும் சேத்துகிட்டுக் கிளம்பியிருக்கு. அதான் அவ்வளவு வேகம். அதான் உடனே பிரிஞ்சுடுச்சு. அல்லாஹ்! நான் எழுதுனது சரிதான்." பிறகு என்னைப் பார்த்தாள். "எதுக்குக்கா தின்னர்?"

சொன்னேன். பொட்டு வைத்ததையும், அவள் வருவதற்கு முன் துடைத்ததையும், டவரில் இருந்ததை விட்டுவிட்டுத் தகட்டில் இருந்ததை மட்டும் துடைத்ததையும். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். போர்மேன் எடையைக் கழற்றுகிறேன் என்று டவருக்குப் பின்னால் போய்விட்டார்.

"நான் கோவிச்சுக்குவேன்னு யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

நான் தின்னர் டப்பாவின் மூடியை இறுக்கினேன்.

"போன வருஷம் இதே லேப்ல உக்காந்து நீங்க குடுத்த பொரிகடலைய அள்ளி அள்ளித் தின்னேன். என் கம்ப்யூட்டருக்குப் பொட்டு கோணலா இருக்குன்னு நான்தானேக்கா சொன்னேன்?" குரல் உயரவில்லை. "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்."

கொஞ்ச நேரம் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு, தின்னர்தான்னு?"

"நேத்துதான். பேப்பர்ல பாத்தேன்."

யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆயிற்று. பொய் ஒரு மூச்சில் வந்துவிட்டது.

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து பாத்து இன்னிக்கே வந்து சொல்லிட்டீங்களேக்கா. வேற யாராவதா இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க" என்றாள்.

அன்றைக்கே பேராசிரியரிடம் போய், "அக்காதான் சார் கண்டுபிடிச்சாங்க" என்றாள். அவர் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "நல்ல கவனம்மா உங்களுக்கு" என்றார். போர்மேன் என்னை விஞ்ஞானி என்று கூப்பிட ஆரம்பித்தார். "விஞ்ஞானி, டீ சொல்லட்டுமா?" புதிதாக முப்பது தகடுகள் வெட்டினேன். பெருநாளுக்குப் பிறகு கேமரா வந்தது. புரோகிராம் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றாகக் கல்லணை வந்து விழுந்தது. சாஃப்ட்வேர் வாங்குகிற பேச்சு அத்தோடு நின்றது. அவள் மறுபடியும் நம்ம ஆள் என்று சொல்ல ஆரம்பித்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஊரிலிருந்து அவள் அம்மா எனக்கென்று தனியாக ஒரு டப்பா நிறைய அல்வா கொடுத்துவிட்டிருந்தார். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம் அவள் தீசிஸ் எழுதி முடித்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். முன்பக்கத்தில் நன்றி சொல்லும் பகுதி. ஆங்கிலத்தில் இருந்தது. அவளே தமிழில் சொன்னாள்.

"சோதனையில் நேர்ந்த பிழையின் காரணத்தைத் தன் கூர்மையான கவனத்தால் கண்டுபிடித்து, தயங்காமல் சொன்ன ஆய்வக உதவியாளருக்கு. இங்க உங்க பேரு. இனிஷியல் ஒண்ணா ரெண்டாக்கா?"

தயங்காமல் என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன்.

"அத எடுத்துடுங்க" என்றேன்.

"ஐயோ, வெக்கமா? இருக்கட்டும்க்கா."

"நேத்துதான் தெரியும்னு சொன்னேன்ல. பொய். மார்கழியிலேயே தெரியும்."

அவள் கை கீபோர்டில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"மார்கழியா?"

"புதுப் பலகை வந்த அன்னிக்கு. அந்தப் பேப்பர இடுப்புல சொருகி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

"தை மாசம் ஒண்ணே ஒண்ணு நடுவைத் தாண்டிப் போச்சே?"

"அது நான் புதுசா வெட்டி நடுவுல வச்சது."

"அதக் குப்பையில போடச் சொன்னேன்."

"ஆமா."

"நீங்க போட்டீங்க."

"போட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போயிற்று. திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

"ஏன்க்கா இப்ப சொல்றீங்க? நான் கேக்கவே இல்லையே."

"அச்சாயிடும்ல" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான். என் மனசுக்குள் கிடக்கிற பொய்யோடு நான் இருந்துவிடுவேன். அவளுடைய மூன்று வருஷ உழைப்பின் முதல் பக்கத்தில் அது ஏறிவிடக் கூடாது.

"சரிக்கா. வேலையப் பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் மரியாதையாகத்தான் இருந்தாள். மதியம் கேன்டீனில் சாப்பிடுவதாகச் சொன்னாள். எழுத்து வேலை அதிகம் என்றாள். இருந்திருக்கும். நான் டப்பாவில் இரண்டு பேருக்குக் கொண்டுபோவதை ஒரு வாரம் கழித்து நிறுத்தினேன்.

தீசிஸ் புத்தகமாகக் கட்டி வந்ததும் ஆய்வகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனாள். அப்போது பேராசிரியர் இருந்தார், போர்மேன் இருந்தார், எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். "வரேன்க்கா" என்றாள். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. "நல்லா இருங்க" என்றேன். அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் போர்மேன் ஏதோ கேலி பேசி அவளை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு புத்தகத்தை எடுத்து முன்பக்கத்தைப் புரட்டினேன். என் பெயர் இருக்காது என்று நினைத்துத்தான் புரட்டினேன். இருந்தது. கடைசி வரியில், இனிஷியலோடு. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். தகடுகளை அளவு பிசகாமல் வெட்டித் தந்தவர் என்று எழுதியிருந்தாள். கவனம், தயங்காமல் என்கிற வார்த்தைகள் எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

அளவு பிசகாமல் வெட்டினேன் என்பது உண்மைதான்.